மெட்ராஸ் பேர் போட்ட ஹாலிஃபேக்ஸ்

சித்திரை வெயில்ல ஆரம்பிச்சேன், ஐப்பசி மழைல முடிஞ்சுது. இந்த ஏழு மாசமும் எங்க வீட்டு டைனிங் டேபிள்ல ஒரு மூலை எனக்கு பட்டா போட்ட மாதிரி, அங்க யாரும் தட்டு வைக்கக் கூடாது. வெச்சா தயிர்சாதத்துல ப்ரொப்பெல்லர் கிடக்கும். ஒருதடவை நிஜமாவே கிடந்துச்சு, மாமியார் கருவேப்பிலைன்னு நினைச்சு எடுத்து ஓரமா வெச்சுட்டாங்க.

விஷயம் என்னன்னா, ஹாலிஃபேக்ஸ். ரெண்டாம் உலகப்போர்ல இங்கிலாந்துக்காரன் ஓட்டின நாலு இன்ஜின் பாம்பர், அதாவது குண்டு போடற விமானம். ஏர்ஃபிக்ஸ் கம்பெனி இதோட பிளாஸ்டிக் கிட்டை, அதாவது துண்டு துண்டா ஒட்டி பொம்மை விமானம் செய்யற பெட்டியை, 1961ல வெளியிட்டுச்சு, 72ல ஒரு பங்கு சைஸ், ரெக்கை நுனிக்கு நுனி அளந்தா ஒரு முழத்துக்கு கிட்ட வரும். என் கைக்கு வந்த பெட்டி எழுபதுகள்ல அச்சடிச்சது, ஆனா உள்ள இருந்த பிளாஸ்டிக் அதே பழைய அச்சுல வார்த்ததுதான். இப்ப இதே விமானத்துக்கு இதைவிட நல்ல கிட்டெல்லாம் இருக்கு, காசு குடுத்தா கிடைக்கும், ஏன்டா இந்த கிழட்டு கிட்டை வெச்சு மல்லுக்கட்டறன்னு கேட்டா என்கிட்ட ஒழுங்கான பதில் இல்ல. ஹாலிஃபேக்ஸ் ஏன்னு கேட்டா மட்டும் பதில் இருக்கு.

எங்க பாட்டி ஒரு கதை சொல்லும். தாத்தா மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்துல பள்ளிக்கூட வாத்தியார், சண்டை நடந்தப்ப யுத்த நிதின்னு சொல்லி சம்பளத்துல ரெண்டு ரூபா பிடிச்சுக்கிட்டாங்களாம், குடுக்கறியான்னு யாரும் கேக்கல, பிடிச்சுட்டு கைல ஒரு ரசீதை குடுத்தாங்களாம். பாட்டிக்கு அந்த ரெண்டு ரூபா கடைசி வரைக்கும் ஆறவே இல்ல. "நம்ம காசுலதான்டா வெள்ளக்காரன் ஏரோப்ளேன் வாங்கினான், அதுல ஒரு ஆணியாவது உங்க தாத்தாவோடது"ன்னு சொல்லும். நாங்க பேரப்பசங்க எல்லாம் சிரிப்போம். ரெண்டு ரூபாவுக்கு ஏரோப்ளேனா பாட்டி, பட்டம் வாங்கியிருப்பான்.

பாட்டி போய் பல வருஷம் கழிச்சு எதையோ தேடப்போய் எதையோ படிச்சுக்கிட்டு இருந்தப்ப கண்ணுல பட்டுச்சு, இங்கிலாந்தோட ராயல் ஏர்ஃபோர்ஸ்ல 35ஆம் ஸ்குவாட்ரன்னு ஒரு விமானப் பிரிவு, அதோட முழுப்பேரு 35 மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன். நாற்காலியை விட்டு எழுந்துட்டேன். நம்ம மாகாணத்துல வசூலிச்சு அனுப்பின பணத்துக்கு நன்றியா வெச்ச பேர் அது. இது ஒண்ணுதான்னு இல்ல, 79, 234, 264ன்னு இன்னும் மூணு ஃபைட்டர் ஸ்குவாட்ரனுக்கும் மெட்ராஸ் பிரசிடென்சின்னு பேர் இருந்திருக்கு. ஒரு ரேட் கார்டே வெச்சிருந்தாங்க, ஸ்பிட்ஃபயர்ங்கற ஃபைட்டருக்கு 5,000 பவுண்டு, நாலு இன்ஜின் பாம்பர்னா 40,000 பவுண்டு. அப்ப பவுண்டுக்கு பதிமூணு ரூபா சில்லறை, கணக்குப் போட்டா ஒரு பாம்பர் அஞ்சு லட்சத்து சொச்சம் ரூபா. நிஜ விலை அதைவிட எக்கச்சக்கம், அது சும்மா ஜனங்களுக்கு மனசுல நிக்கறதுக்காக சொன்ன ரேட்டு. ஆக தாத்தாவோட ரெண்டு ரூபாவுக்கு ஒரு ஆணின்னு பாட்டி போட்ட கணக்கு ஒண்ணும் அவ்வளவு தப்பில்ல.

அந்த 35ஆம் ஸ்குவாட்ரனைத்தான் 1940 நவம்பர்ல மறுபடியும் ஆரம்பிச்சு ஹாலிஃபேக்ஸை முதன்முதலா அவங்க கைல குடுத்தாங்க. 1941 மார்ச்ல முதல் தாக்குதல், பிரான்ஸ்ல லெ ஆவ்ர் துறைமுகம். போயிட்டு திரும்பி வர்றப்ப அதுல ஒண்ணை எதிரின்னு நினைச்சு அவங்க ஆளே சுட்டுத் தள்ளிட்டான், இங்கிலாந்து மண்ணுலயே விழுந்து நாலு பேர் செத்தாங்க. முதல் நாளே இப்படி.

சரி கிட்டுக்கு வரேன். சித்தி பையன் லண்டன் க்ராய்டன்ல இருக்கான், அங்க ஞாயித்துக்கிழமை பழைய பொம்மை சந்தை ஏதோ நடக்குமாம், அங்க நின்னுக்கிட்டு வீடியோ கால் பண்ணான்.

"அண்ணா, நீங்க சொன்ன பெட்டி ஒண்ணு இருக்கு. ஓரம் கிழிஞ்சிருக்கு. வேணுமா?"

"உள்ள எல்லாம் இருக்கான்னு பாருடா."

"அதை எப்படிண்ணா பாக்கறது, நூறு பீஸ் கிடக்கு. ஒரு இறக்கை ஏற்கனவே ஒட்டியிருக்கு."

"யார் ஒட்டினது?"

"அந்தாளுகிட்ட கேட்டா அவருக்கும் தெரியலயாம்."

பொங்கலுக்கு வந்தப்ப சூட்கேஸ்ல ஜீன்ஸுக்கு நடுவுல சுத்தி எடுத்துட்டு வந்தான். தொறந்ததும் பழைய பிளாஸ்டிக் வாசனை, மழைக்கால ஸ்கூல்பேக் மாதிரி. ஒரு ப்ரொப்பெல்லர் பிளேடு உடைஞ்சு காணோம். படிக்கற தாள்ல நாலாவது ஸ்டெப் வரைக்கும் யாரோ பென்சில்ல டிக் அடிச்சிருந்தாங்க, அப்புறம் இல்ல. வால்ல இருக்குற துப்பாக்கிக் கூண்டோட கண்ணாடி பீஸை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா அதுல ஒரு கட்டைவிரல் ரேகை. அழுக்கு இல்ல, பசை ஒட்டின விரலால தொட்டு பிளாஸ்டிக்கே இளகி ரேகை பதிஞ்சு போயிருக்கு. சின்ன விரல். பத்து பன்னெண்டு வயசுப் பையனா இருக்கணும், அடி வாங்கியிருப்பான்னு நினைச்சேன். தேய்ச்சு எடுக்கப் பாத்தேன், ஏற்கனவே மெல்லிசு, தேய்ச்சா ஓட்டை விழுந்துடும் போல இருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன். மத்த கண்ணாடியெல்லாம் தண்ணில நனைச்ச சன்ன உப்புத்தாள்ல தேய்ச்சு கடைசியா டூத்பேஸ்ட் போட்டு துடைச்சதுல பளிச்சுன்னு வந்துடுச்சு, இது ஒண்ணு மட்டும் மசமசன்னு.

பழைய கிட்டுல பெரிய ரோதனை ரிவெட், அதாவது விமானத் தகடுகளை இணைக்கற ஆணியோட தலை. அந்தக் காலத்துல அச்சு வெட்டினவங்க ஆசை ஆசையா ஆயிரக்கணக்குல புள்ளி வெச்சு வெட்டியிருக்காங்க, விரலால தடவினா பலாப்பழத் தோல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு புள்ளியையும் 72 மடங்கு பெருசாக்கினா அரை எலுமிச்சம்பழம் சைஸுக்கு வரும், அப்படி ஒரு விமானத்தை எவன் கட்டுவான். இந்த ஹாபில இருக்குறவங்க எல்லாத்தையும் வழிச்சுத் தள்ளிடுவாங்க. நானும் ரெக்கை ரெண்டையும் வழிச்சேன், நாலு ஞாயித்துக்கிழமை ஆச்சு, டேபிள் முழுக்க சாம்பல் கலர் மாவு. உடம்புப் பகுதிக்கு வந்தப்ப மணிக்கட்டு வலி தாங்கல. பாட்டி சொன்ன ஆணியும் ஞாபகம் வந்துச்சுன்னு சொன்னா நல்லா இருக்கும், உண்மையைச் சொன்னா முதல்ல வந்தது வலிதான், ஆணி அப்புறம் வந்த சாக்கு. எப்படியோ உடம்புல ரிவெட் அப்படியே இருக்கு.

அடுத்தது உடம்போட ரெண்டு பாதியும் சேரல. அம்பது வருஷம் பெட்டில நெளிஞ்சு கிடந்ததுல ஒரு பாதி வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு போச்சு. வெந்நில முக்கி நிமித்தி ரப்பர் பேண்டும் துணி கிளிப்பும் போட்டு ராத்திரி முழுக்க விட்டேன். காலைல பாத்தா முன்னாடி சேர்ந்திருக்கு, வால் பக்கம் வாய் பொளந்துக்கிட்டு நிக்குது. ரெக்கை உடம்போட சேர்ற இடத்துலயும் ஏடிஎம் கார்டு நுழையற அளவுக்கு சந்து. இங்கதான் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். வீட்டுக்கு பெயின்ட் அடிச்சப்ப மிஞ்சின சுவர் பட்டி ஒரு டப்பா இருந்துச்சு, பட்டி பட்டிதானேன்னு அதை அள்ளி அப்பிட்டேன். காஞ்சப்புறம் உப்புத்தாள் பட்டதும் பொலபொலன்னு மொத்தமா உதிர்ந்து போச்சு, மூணு நாள் வேலை வீண். அப்புறம் தெருமுனைல கார் டிங்கரிங் பண்றவர்கிட்ட போய் என்.சி. பட்டி கொஞ்சம் வேணும்னேன். எந்த வண்டிக்கு சார்னு கேட்டாரு. ஏரோப்ளேனுக்குன்னு சொன்னேன். சிரிக்காம ஒரு சின்ன டப்பால போட்டுக் குடுத்துட்டு, "மெல்லிசா ரெண்டு கோட்டா போடுங்க சார், ஒரே அடியா அப்பாதீங்க, வெடிச்சுடும்"னாரு. ஏழு மாசத்துல எனக்குக் கிடைச்ச உருப்படியான அட்வைஸ் அது ஒண்ணுதான், அவர் காசும் வாங்கல.

வால் பத்தி சொல்லணும். இந்த கிட் மார்க் 3, அதாவது ஹாலிஃபேக்ஸ்ல மூணாவது வகை, ஹெர்குலிஸ்னு காத்துல குளிர்ற வட்ட இன்ஜின் வெச்சது, வால்ல ரெண்டு செங்குத்து துடுப்பும் நல்லா அகலமா சதுரமா பலகை மாதிரி இருக்கும். முதல்ல வந்த ஹாலிஃபேக்ஸுக்கு அந்தத் துடுப்பு முக்கோணமா இருந்துச்சு. அதுல என்ன வினைன்னா, ஒரு பக்கம் இன்ஜின் நின்னுபோய் விமானம் மெதுவா கோணிக்கிட்டுப் போறப்ப சுக்கான் ஒரு பக்கமா போய் அப்படியே பூட்டிக்கும், பைலட் எவ்ளோ மிதிச்சாலும் திரும்ப வராது, சுத்திக்கிட்டே கீழ போயிடும். இதுல எத்தனை பேர் செத்திருப்பாங்க, ஜெர்மன்காரன் சுடாமலே. அப்புறம்தான் 1943ல பெரிய சதுரத் துடுப்பு வந்துச்சு. ரெண்டு துண்டு பிளாஸ்டிக், வெறும் ஒண்ணரை இன்ச், அதை ஒட்டி நேரா நிக்குதான்னு ஸ்கேல் வெச்சுப் பாத்துக்கிட்டு இருந்தப்ப இதெல்லாம் ஓடுச்சு.

எனக்கு நிஜமா செய்ய ஆசைப்பட்ட விமானம் வேற. 35ஆம் ஸ்குவாட்ரனோட டபிள்யூ 1048, எஸ் ஃபார் ஷுகர். 1942 ஏப்ரல் 27 ராத்திரி நார்வேல ஒரு கடல் இடுக்குல ஒளிஞ்சிருந்த டிர்பிட்ஸ்னு ஜெர்மன் போர்க்கப்பலை அடிக்கப் போச்சு. குண்டடி பட்டு ரெக்கைல தீ. பைலட் உறைஞ்சு கிடந்த ஒரு ஏரி மேல சக்கரத்தை இறக்காம வயித்தால இறக்கிட்டான். எல்லாரும் உயிரோட வெளிய வந்தாங்க, கால் உடைஞ்ச ஒருத்தர் மட்டும் பிடிபட்டாரு, மத்தவங்க பனில நடந்தே ஸ்வீடன் போய்ச் சேர்ந்தாங்க. தீ பனிக்கட்டியை உருக்கி விமானம் ஏரிக்குள்ள இறங்கிடுச்சு. 1973ல அதை வெளிய எடுத்து லண்டன் ஹெண்டன் மியூசியத்துல வெச்சிருக்காங்க, பெயின்ட் அடிச்சு புதுசாக்காம, ஏரில இருந்து வந்த அதே கோலத்துல. ஆனா அது மார்க் 2, நீளமூக்கு மெர்லின் இன்ஜின், முக்கோணத் துடுப்பு, என் கிட்டுல வராது. மாத்தி செய்யறவங்க இருக்காங்க, எனக்கு அவ்ளோ கை கிடையாது.

அந்த 1942 ஏப்ரல்தான் எனக்கு மண்டைல நிக்குது. அதே மாசம் ஜப்பான்காரன் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடான்னு வரிசையா குண்டு போட்டான், அடுத்தது மெட்ராஸ்தான்னு பட்டணமே காலி ஆச்சு. ஆபீஸெல்லாம் கடலை விட்டுத் தள்ளி வெளியூர் பக்கம் நகர்ந்துச்சு, குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா என்ன ஆகறதுன்னு மிருகக்காட்சி சாலைல சிங்கம் புலியை எல்லாம் சுட்டே போட்டாங்க. திருவல்லிக்கேணில இருந்த தாத்தாவோட அக்கா குடும்பம் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு வெண்கலப் பானையுமா எங்க கிராமத்துக்கு வந்து இறங்கிச்சாம், ஆறு மாசம் ஒரே வீட்டுல பதினாலு பேர். பாட்டி இதையும் சொல்லும், பானை யாருக்குப் போச்சுங்கற சண்டையோட சேர்த்து. மெட்ராஸ்காரன் காசு குடுத்து மெட்ராஸ் பேர் வெச்ச விமானம் நார்வே பனில நிக்குது, மெட்ராஸ்ல தலைக்கு மேல ஒரு நல்ல ஃபைட்டர் இல்லாம ஜனம் எக்மோர்ல ரயிலுக்கு அடிச்சுக்குது. பாட்டிக்கு இந்த ரெண்டும் ஒரே மாசம்னு தெரிஞ்சிருந்தா அந்த ரெண்டு ரூபாவுக்கு வட்டியும் சேர்த்துக் கேட்டிருக்கும்.

இன்னொண்ணும் சொல்லாம விட்டா தப்பு. இந்த ஸ்குவாட்ரன் 1942 ஆகஸ்ட்ல இருந்து பாத்ஃபைண்டர், அதாவது முன்னாடி போய் கலர் வெளிச்சம் போட்டு இங்க குண்டு போடுன்னு அடையாளம் காட்டறவங்க. 1943 ஜூலைல ஹாம்பர்க் ஊரே புயல் மாதிரி எரிஞ்சு ஆயிரமாயிரமா ஜனங்க வெந்து செத்தாங்களே, அங்க வழிகாட்டினவங்கள்ல இவங்களும் உண்டு. ராயல் ஏர்ஃபோர்ஸோட குண்டு போடற பிரிவான பாம்பர் கமாண்ட்ல பறந்தவங்களும் 55,573 பேர் செத்தாங்க, முக்காவாசி இருபது சொச்சம் வயசு. எதை எதோட தராசுல வைக்கறதுன்னு எனக்குப் புரியல. வயித்துப் பக்கம் கறுப்பு பெயின்ட் அடிக்கறப்ப பொண்ணு வந்து "ஏம்ப்பா கீழ மட்டும் கறுப்பு"ன்னு கேட்டா. ராத்திரில கீழ இருக்கறவங்களுக்குத் தெரியக்கூடாதுல்லன்னு சொன்னேன். "யாருக்கு, கீழ யாரு இருக்காங்க"ன்னா. ஊர்ல இருக்கறவங்கன்னு சொல்லிட்டு பிரஷ்ஷை தண்ணில கழுவிக்கிட்டே இருந்தேன், அவளும் போயிட்டா.

இதே 35ல 1941ல ஹாலிஃபேக்ஸ் ஓட்டினவர்தான் லெனர்ட் செஷயர். பின்னாடி பிரிட்டனோட பெரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கி, நாகசாகில அணுகுண்டு விழுந்தப்ப பிரிட்டன் சார்பா வானத்துல இருந்து பாத்தவர், சண்டை முடிஞ்சதும் எல்லாத்தையும் விட்டுட்டு நோயாளிங்களுக்கு வீடு ஆரம்பிச்சாரு. நம்ம கோயம்புத்தூர் செஷயர் ஹோம் இருக்கே, அந்த செஷயர் இவர்தான். எனக்கு இது தெரியறதுக்கு ஒரு பிளாஸ்டிக் கிட் தேவைப்பட்டிருக்கு.

பெயின்ட் கதை தனி. மேல கரும்பச்சையும் மண் கலரும் அலை அலையா, பக்கவாட்டும் கீழயும் கறுப்பு. மெட்ராஸ் ஈரக்காத்துல ஸ்ப்ரே அடிச்சா மேல பால் படர்ந்த மாதிரி வெள்ளையா பூத்துடும், அதனால விடியக்காலைல வேண்டாம், ராத்திரி வேண்டாம், மத்தியானம் ரெண்டு மணிக்கு மொட்டை மாடி, தலைல துண்டு. எதிர் வீட்டு மாடில வத்தல் காயவெச்சுக்கிட்டு இருந்த அக்கா ரெண்டு வாரம் பாத்துட்டு மூணாவது வாரம் கேட்டாங்க, "தம்பி, இது வியாபாரத்துக்கா?"

டிகால் தாள், அதாவது தண்ணில நனைச்சு ஒட்டற சின்னமும் எழுத்தும் இருக்குற தாள், மஞ்சளா பழுத்துப்போய் இருந்துச்சு. அதை ஜன்னல் கண்ணாடில டேப் போட்டு வெயில் படற மாதிரி ஒட்டி வெச்சா மஞ்சள் வெளுத்துடும்னு சொல்வாங்க, நம்ம மே மாசத்துக்கு பத்தே நாள்ல வெளுத்துடுச்சு, சந்தோஷமா தண்ணில போட்டேன், அப்பளம் மாதிரி நொறுங்கி மிதந்துச்சு. வார்னிஷ் ஒரு கோட் அடிச்சுட்டுப் போட்டிருக்கணும், தெரியும், மறந்துட்டேன். வட்டச் சின்னத்தை மட்டும் பிரிண்ட் எடுத்தேன், டி.எல்னு ஸ்குவாட்ரன் எழுத்தை டேப்ல பிளேடால வெட்டி சிவப்புல நானே அடிச்சேன். எல் கொஞ்சம் கோணல். அதுக்கு அந்தப் பக்கம் வர்ற எழுத்து ஆர், எங்க தாத்தா ராமசாமி வாத்தியாரோட ஆர். சீரியல் நம்பர் போடல, விஷயம் தெரிஞ்சவங்க வந்தா திட்டுவாங்க, திட்டட்டும்.

மொத்தம் 6,176 ஹாலிஃபேக்ஸ் கட்டியிருக்காங்க, இன்னிக்கு பறக்கற மாதிரி ஒண்ணுகூட கிடையாது. கிட்டத்தட்ட எல்லாத்தையும் உடைச்சு உருக்கிட்டாங்க. யார்க்‌ஷயர்ல எல்விங்டன்ல ஒண்ணு நிக்குது, அதோட உடம்புல ஒரு பகுதி ஸ்காட்லாந்து தீவு ஒண்ணுல ஒரு விவசாயி கோழி அடைச்சு வெச்சிருந்தது. அதே சண்டைல பறந்த இன்னொரு நாலு இன்ஜின் பாம்பர் லான்காஸ்டர், அதுக்கு கிடைச்ச பேர்ல கால்வாசி இதுக்கு இல்ல. இத்தனைக்கும் சுட்டு விழுந்தா லான்காஸ்டரைவிட இதுல இருந்து குதிச்சுத் தப்பினவங்க அதிகம். எனக்கு இந்த மாதிரி ரெண்டாவது பிள்ளைங்களைத்தான் பிடிக்கும்.

கடைசி வேலை ஆன்டெனா கம்பி. கிட்டோட பீஸ்களை தாங்கிட்டு வர்ற பிளாஸ்டிக் குச்சி மிஞ்சுமே, அதுல ஒரு சாண் எடுத்து அகல் விளக்கு மேல காட்டணும், சுடர்ல படாம, கொஞ்சம் உசரமா, விரலால உருட்டிக்கிட்டே. முதல்ல ஒண்ணும் ஆகாது. திடீர்னு நடுவுல பளபளன்னு ஆகும், லேசா தொய்யும், அந்த நொடில நெருப்பை விட்டு வெளிய எடுத்து ரெண்டு கையையும் நிதானமா விரிக்கணும். ஜவ்வுமிட்டாய் மாதிரி இழுபடும், தலைமுடியைவிட மெல்லிசா. வேகமா இழுத்தா அறுந்துடும், மெதுவா இழுத்தா தடியா நின்னுடும். பதினோராவது தடவைதான் எனக்கு சரியா வந்துச்சு. அதை வெட்டி ஊசி முனைல ஃபெவிக்விக் தொட்டு, காக்பிட்டுக்குப் பின்னாடி இருக்குற கம்பத்துல ஒரு முனையும் வால் துடுப்புல ஒரு முனையும் ஒட்டி, மூச்சே விடாம ஒரு நிமிஷம் பிடிச்சிருந்தேன். நின்னுச்சு. தொய்வு தெரிஞ்சுது, ஊதுவத்தியை பக்கத்துல காட்டினதும் தானா சுருங்கி விறைப்பா ஆச்சு, இது ஒரு பழைய வித்தை.

எல்லாரையும் கூப்பிட்டேன். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு குனிஞ்சு பாத்தாங்க, "நல்லாத்தான் இருக்கு, இனிமே டேபிளை துடைக்கலாமா"ன்னாங்க. பொண்ணு வால் கூண்டைப் பாத்துட்டு "இங்க யாரோ கை வெச்சிருக்காங்க"ன்னா. சம்சாரம் உள்ள வந்ததும் வேர்க்குதுன்னு ஃபேனை போட்டா, அஞ்சாம் நம்பர்ல. கம்பி ஒரு தடவை அதிர்ந்துச்சு, வால் பக்கம் பிச்சுக்கிட்டு காத்துல போயிடுச்சு, எங்க விழுந்துச்சுன்னே தெரியல. அகல்ல எண்ணெய் இன்னும் கொஞ்சம் இருக்கு.